சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஜப்பான்

அரைக்கேணி என்ற ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு கிணற்றால்தான். இருபதடியில் தண்ணீர் இருக்கிறது என்று நீரோட்டம் பார்த்தவர் சொல்லிவிட்டுப் போனார். ஊரே கூடி வெட்டியது. பத்தடியிலேயே தண்ணீர் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஊரார் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார்கள். நம் தண்ணீர் இருபதடியில் அல்லவா இருக்கிறது, இது வேறு யாருடைய தண்ணீரோ, அடுத்தவர் சொத்து நமக்கெதற்கு என்று கிணற்றை மூடிவிட்டார்கள். நாணயமான ஜனங்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். சொல்கிறவர்தான் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஊர்த் தவசிலிங்கத்துக்குக் கொஞ்சம் ஆடுகள், கொஞ்சம் கடலைக்காடு, ஒரே ஒரு மகள். மகள் பெயர் பவளக்கொடி. அவள் நடை பழகும் முன்பே தாய் போய்விட்டாள். தவசிலிங்கம் தனியாளாக மகளை வளர்த்தார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள்தான் அவரை வளர்த்தாள். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள், தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அப்பாவையும் திட்டுவாள். திட்டு விழாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

அவளுக்குப் பக்கத்து ஊர்ச் செங்காட்டூரில் உடையப்பன் மகன் கார்மேகத்தைப் பேசி முடித்தார்கள். பையன் ஜப்பானில், ஒசாகா பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். குணமான பிள்ளை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: கல்யாணத்துக்குப் பிறகு பெண் ஜப்பானில்தான் குடியிருக்க வேண்டும். தவசிலிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பையன் பேரைக் கேட்டதுமே அது சிவந்து கிடந்தது. சரி என்று தலையை ஆட்டிவிட்டு நேராக ஆட்டுக்கொட்டகைக்குப் போய் ஒரு கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஜப்பான் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியாது. செங்காட்டூரைவிடத் தூரம் என்று மட்டும் தெரியும். அதையே அவரால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அதனால் போனில், வீடியோவில் முகம் காட்டுவார், சபை பார்த்த பிறகு தட்டு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. உடையப்பன் பேச்சு மாறாதவர். "வீடியோவுல என் மகன் மூஞ்சி தெரியணும் சம்பந்தி. தெரியலேன்னா தட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போயிருவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அரைக்கேணியில் போன் எடுக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, குடிதண்ணீர்த் தொட்டியின் உச்சி. வெற்றிலை பாக்கோடு சபை முழுவதையும் தொட்டி மேல் ஏற்ற முடியாது அல்லவா. அதனால் டவுன் கேபிள்காரரிடம் சொல்லி வீட்டுக்கு ஒரு வைஃபை பெட்டி போடச் சொன்னார் தவசிலிங்கம். கேபிள்காரர் வந்து ஒயரை இழுத்து, பெட்டியை அட்டையிலிருந்து எடுத்துக் கூடத்தில் வைத்தார். கரண்டு போனது. "கரண்டு வந்ததும் போன் அடிங்க, எப்படி வைக்கிறதுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். அவர் வெளியூர்க்காரர், பாவம். உள்ளூர்க்காரராக இருந்தால் கரண்டு வரும்வரை காத்திருப்பார்.

கரண்டு வந்தது. தவசிலிங்கம் ஆள் கூட்டினார். அவருடைய மச்சினன் கோட்டைச்சாமி தொட்டி மேல் ஏறிக் கேபிள்காரருக்குப் போன் போட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடி கீழே கத்த வேண்டும். இங்கிலீஷ் எழுத்து தெரிந்த சீனிராசு பெட்டியைப் பார்க்க வேண்டும். சீனிராசுவுக்கு வெளிநாட்டு விவகாரமும் அத்துபடி. ஒருமுறை யாரையோ வழியனுப்ப மதுரை விமான நிலையத்து வாசல்வரை போய், உள்ளே விடாததால் திரும்பி வந்தவர். பக்கத்து வீட்டு ஒச்சப்பன் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"பொட்டியை நல்ல உசரத்துல வைங்க!" என்று தொட்டியிலிருந்து முதல் கட்டளை வந்தது.

உயரத்தில் வைக்கப் பார்த்தால் ஒயர் எட்டவில்லை. மூன்று பேரும் கன்னத்தில் கை வைத்து யோசித்தார்கள். ஒச்சப்பன்தான் வழி சொன்னார்.

"பொட்டி மேல ஏற மாட்டேங்குது. நாம கீழ இறங்கிட்டா பொட்டி உசரமாயிரும்ல?"

மண்வெட்டி வந்தது. கூடத்துத் தரையை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார்கள். பள்ளத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தபோது பெட்டி நல்ல உயரத்தில்தான் இருந்தது.

"சுவரு குறுக்க இருந்தா அலை கொறையும்!"

அடுப்படிச் சுவர் குறுக்கே இருந்தது. கடப்பாரைக்குப் பத்து நிமிஷ வேலை.

"யோவ், டீ ஆறுதுய்யா, சீக்கிரம் ஆகட்டும்!"

கோட்டைச்சாமி நேர்மையான ஆள். காதில் விழுந்ததில் ஒரு வார்த்தையைக்கூட விட மாட்டார். கேபிள்காரர் இருமியதையும் இருமிக் காட்டினார். டீ ஆறுவதும் வேலையில் ஒரு பங்கு போலிருக்கிறது என்று ஒச்சப்பன் வீட்டுக்கு ஓடி ஒரு தம்ளர் டீ போட்டுவந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். சீக்கிரம் ஆற வேண்டுமே என்று தவசிலிங்கம் தோள் துண்டால் விசிறினார்.

டீ ஆறியதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. சீனிராசு போனில் பார்த்தார். பெட்டியின் அலை நன்றாகக் கிடைத்தது. அலை எதுவரைக்கும் எட்டுகிறது என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து பார்த்தார். கிழக்கே தெரு விளிம்புவரை, மேற்கே ஆட்டுக்கொட்டகையில் பாதிவரை. எல்லாருக்கும் திருப்தி. விவகாரம் இங்கே முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அடுத்து நாடு எதுன்னு கேக்கும்! நீங்க இருக்கிற நாட்டைத்தான் வைக்கணும்! வெளையாடாதீங்க! எந்த வழியில அலையை விடலாம், எவ்வளவு பலமா விடலாம்னு நாட்டுக்கு நாடு சட்டம் இருக்கு! நீங்க எந்த நாட்டை வைக்கிறீங்களோ, அந்த நாட்டுச் சட்டந்தான் பொட்டிக்கு! அலை எட்டுற வரைக்கும் அதுதான் சட்டம்! புரிஞ்சுதா? நான் வைக்கிறேன்!" என்று கத்திவிட்டுக் கோட்டைச்சாமி மௌனமானார். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

போனில் நாடுகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. சீனிராசு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தார். இத்தனை நாடுகள் இருக்கின்றன என்று அன்றுதான் அரைக்கேணிக்குத் தெரிந்தது.

"இந்தியான்னு வச்சிரலாம், வேலை முடிஞ்சுது" என்றார் சீனிராசு.

"இந்தியாவைத்தான் எல்லாரும் வப்பாங்க. அந்தக் கடைசியில ஒண்ணு கெடக்கு பாரு, பேரே வாயில நுழையலை. அதை இதுவரைக்கும் ஒருத்தனும் வச்சிருக்க மாட்டான். பாவம், அதை வைப்போம்" என்றார் ஒச்சப்பன். இரக்க சுபாவம் அவருக்கு.

தவசிலிங்கம் பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். அவர் மண்டைக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அது அபூர்வமாக நடப்பது என்பதால் மற்றவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

"சீனி, ஒரு சந்தேகம். நம்ம ஊர்ல யாரு சட்டம் செல்லும்?"

"இந்தியா சட்டம்."

"ஏன்?"

"இது இந்தியால்ல?"

"அப்ப ஜப்பான் சட்டம் செல்லுற இடம்?"

"ஜப்பான்."

"அலை எட்டுற வரைக்கும் அந்த நாட்டுச் சட்டந்தான்னு கேபிள்காரரு சொல்லிட்டாரு. அப்ப ஜப்பானை வச்சா, அலை எட்டுற வரைக்கும்..."

சீனிராசு வாயைப் பிளந்தார். ஒச்சப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"என் பொண்ணு ஜப்பான்லதான் குடியிருக்கணும்னு சொன்னாங்க. இருக்கட்டும்யா. இந்தக் கூடத்துலயே இருக்கட்டும்" என்றார் தவசிலிங்கம். சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே விழுந்துவிட்டது போல இருந்தது.

"இருக்கிற நாட்டைத்தான் வைக்கணும்னு கேபிள்காரரு சொன்னாரே" என்று சீனிராசு இழுத்தார்.

"வச்ச பிறகு நாம ஜப்பான்லதானே இருப்போம். அப்ப இருக்கிற நாட்டைத்தானே வச்சதா ஆகும்?"

இதற்குச் சீனிராசுவிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கலாம், ஆனால் நீங்கள் அங்கே இல்லை. ஜப்பான் என்ற பெயர் மேல் தவசிலிங்கம் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

பெட்டி ஒருமுறை அணைந்து எரிந்தது. போனில் பெட்டியைக் காணோம். சீனிராசு போனைத் தட்டினார், உதறினார், வேட்டியில் துடைத்தார். ஒச்சப்பனின் போனிலும் இல்லை.

நடந்தது வேறொன்றுமில்லை. ஜப்பான் என்று வைத்ததும் பெட்டி அந்த நாடு அனுமதிக்கிற, நம் பக்கத்துப் போன்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வழியில் போய் உட்கார்ந்துகொண்டது. போன்கள் பழகிய வழியிலேயே தேடிக்கொண்டிருந்தன. ஆனால் அரைக்கேணியில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

"ஜப்பான்ல இருக்கிற பொட்டி இந்தியாப் போன்ல எப்படிய்யா தெரியும்? தெரியலேன்னாத்தான் சரி. போய்ச் சேந்துட்டோம்" என்றார் சீனிராசு. மூவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

முதல் வேலையாக எல்லை போட்டார்கள். அலை எட்டிய இடம் வரைக்கும் வீட்டைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு கோடு. ஆட்டுக்கொட்டகை நடுவே கோடு போனதால் சில ஆடுகளுக்குத் தலை ஜப்பானிலும் வால் இந்தியாவிலுமாக அமைந்துவிட்டது. அடுத்தது கடிகாரம். ஜப்பானில் மூன்றரை மணி நேரம் முந்தி என்று பவளம் எப்போதோ சொன்னது நினைவிருந்ததால், அதையும் தள்ளி வைத்தார்கள். அப்போதுதான் தவசிலிங்கத்துக்குத் தன் நிலைமை உறைத்தது.

"ஏய் சீனி, எங்கிட்ட பாஸ்போர்ட் இல்லையே."

"நீ போகலையே. நாடுல்ல வந்திருக்கு. உள்ளயே இருக்கிற வரைக்கும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. வெளிய போனா திரும்ப வர முடியாது" என்றார் சீனிராசு. சொல்லிவிட்டு, தானும் உள்ளேதான் இருக்கிறோம் என்று உணர்ந்து ஒச்சப்பனைப் பார்த்தார். இருவரும் அன்றிலிருந்து தவசிலிங்கத்தின் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஒச்சப்பனின் மனைவி வேலி ஓரம் வந்து கூப்பிட்டுப் பார்த்து, வராத மட்டும் நிம்மதி என்று போய்விட்டாள்.

கோட்டைச்சாமி பாடுதான் கஷ்டம். தொட்டியிலிருந்து இறங்கி வந்தபோது அவர் இந்தியாவில் அகப்பட்டுக்கொண்டிருந்தார். கோட்டுக்கு ஒரு முழம் வெளியே நின்றுகொண்டு, வெளிநாடு என்பதால், தொண்டை கிழியக் கத்தினார்.

"மச்சாஆஆன்! சௌக்கியமா இருக்கீகளா?"

"சௌக்கியம் கோட்டை! அங்க மழை உண்டா?" என்று தவசிலிங்கமும் கத்தினார்.

பவளக்கொடி டவுனுக்கு நிச்சயப் புடவைக்கு ஜாக்கெட் துணி வாங்கப் போயிருந்தாள். வந்து பார்த்தால் கூடத்தில் பள்ளம், அடுப்படிக்குச் சுவர் இல்லை, வாசலில் வெள்ளைக் கோடு. அவளுக்குப் புதிதாக எடுத்த பாஸ்போர்ட் இருந்ததால் உள்ளே விட்டார்கள். தவசிலிங்கம் நடந்ததைச் சொன்னார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்.

அவள் திட்டவில்லை. ஜாக்கெட் துணியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அப்ப நான் உங்களை விட்டுட்டுப் போக வேணாமாப்பா?"

"போக வேணாம் தாயி."

"அவரு?"

"அவரும் ஜப்பான்ல, நீயும் ஜப்பான்ல. ஒரே நாட்டுக்குள்ள எப்படியாச்சும் வந்து போயிக்கிட்டு இருப்பாரு."

அவள் அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். அவளும் அரைக்கேணிப் பெண்தானே. தனக்குப் பின்னால் இந்த மனிதருக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கவலையில் அவளும் இரவெல்லாம் தூங்காமல்தான் கிடந்தாள். அதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. பிறகு எழுந்து, சுவரை இடித்தவனை யாரென்று கேட்டு, மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினாள். தவசிலிங்கம் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை செங்காட்டூர் வேன் வந்து நின்றது. உடையப்பன் பட்டு வேட்டியில் இறங்கினார். பின்னாலேயே பெண்கள் பழம், பூ, புடவைத் தட்டுகளோடு இறங்கினார்கள். உடையப்பன் கோட்டில் கால் வைக்கப் போகையில் சீனிராசு குறுக்கே கையை நீட்டினார்.

"பாஸ்போர்ட்டு?"

"என்னது?"

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. இந்தக் கோட்டுக்கு உள்ள ஜப்பான். எல்லாரையும் விடுறாப்ல இல்லை" என்றார் தவசிலிங்கம், கையைக் கூப்பியபடி.

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு கேள்வி கேக்கலையே, காப்பியே குடுத்தீகளே!"

"அப்ப இது இந்தியா."

உடையப்பன் முகம் கறுத்தது. கோடு, பெட்டி, சட்டம் என்று தவசிலிங்கம் எல்லாவற்றையும் விளக்கினார். செங்காட்டூர் அரைக்கேணிக்குப் பக்கத்து ஊர்தான், தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் உடையப்பனுக்கு விளக்கம் புரிந்துவிட்டது. கோபம் மட்டும் தீரவில்லை.

"சரி, ஜப்பான்னா ஜப்பான். சட்டத்துக்கு நானும் கட்டுப்பட்டவன்தான். என் மகன் மூஞ்சியைக் காட்டுங்க, இங்க நின்னே பாத்துக்கிறேன்."

போன்கள் எதுவும் பெட்டியைப் பிடிக்கவில்லை. சீனிராசு ஒவ்வொரு போனாக உதறினார்.

"நல்ல நேரம் எப்ப முடியுது?" என்று உடையப்பன் கேட்டார்.

"பத்தேகாலுக்கு. ஆனா இங்க உள்ள இப்பவே பன்னெண்டரை ஆயிருச்சு. உங்களுக்கு நேரம் இருக்கு, எங்களுக்கு முடிஞ்சுபோச்சு" என்றார் ஒச்சப்பன், கடிகாரத்தைப் பார்த்து.

உடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மூஞ்சி தெரியலேன்னா தட்டு இல்லைன்னு அன்னைக்கே சொல்லிட்டேன். ஏறுங்கம்மா வேன்ல." தட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வேனுக்குள் போயின. பவளக்கொடி இடிந்த சுவருக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்த ஜாக்கெட்டில் கண்ணீர் சொட்டியது. அதைப் பார்த்த தவசிலிங்கத்துக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நினைத்து, கடைசியில் அவள் வாழ்க்கையிலேயே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் ஓர் ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பெரிய பெட்டியோடு இறங்கினவன் கார்மேகம். கடைசி நேரத்தில் லீவு கிடைத்ததாம், யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறி, நேரில் வந்து நின்று எல்லாரையும் அசத்தலாம் என்று நினைத்தானாம். வந்தவனை யாரும் அசந்து பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் அவன் சட்டைப்பையில் இருந்தது.

"பாஸ்போர்ட்டு இருக்கு!" என்று கோட்டைச்சாமி கத்தினார்.

சீனிராசு அதை வாங்கித் தலைகீழாக வைத்து முழுக்க வாசித்தார். முத்திரை இல்லாததால் கட்டைவிரலைக் குங்குமத்தில் தோய்த்து ஓர் ஏட்டில் பதித்தார். அரைக்கேணி ஜப்பானுக்குள் முறைப்படி நுழைந்த முதல் மாப்பிள்ளை கார்மேகம்தான்.

கார்மேகம் வெளிநாட்டில் இருந்தவன், நாலும் தெரிந்தவன். உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, நாட்டைத் தப்பா வச்சிருக்கீங்க. இந்தியான்னு மாத்துனாத்தான் நம்ம போன்ல எடுக்கும்" என்றான்.

தவசிலிங்கம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்தாதீங்க மாப்ள. மாத்துனா என் பொண்ணு போயிரும். அவ இல்லாம எனக்கு ஒரு வாய் சோறு இறங்காது மாப்ள. நீங்க வேணும்னா என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லிட்டுப் போங்க, பொட்டியில மட்டும் கை வைக்காதீங்க" என்று விம்மினார்.

கார்மேகத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. சும்மா கைக்கு ஒரு வேலையாகத் தன் போனை எடுத்துப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் போன் ஜப்பானில் வாங்கியது. பெட்டி உட்கார்ந்திருந்த வழியை எட்டிப் பார்க்கிற போன் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான். திரையில் பெட்டியின் அலை முழுசாகத் தெரிந்தது.

"எடுக்குதே!" என்றான் கார்மேகம்.

"எல்லாக் கோடும் இருக்கா?" என்று சீனிராசு ஓடி வந்தார்.

"எல்லாம் இருக்கு. ஒசாகாவுல என் ரூமுல எடுக்குற மாதிரியே எடுக்குது." அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். இடிந்த சுவரைப் பார்த்தான், அதற்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாலும் தெரிந்தவனுக்கு அந்த நாலும் மறந்துபோயின. "மாமா, நீங்க சொல்றதுதான் சரி. ஜப்பான்தான்" என்றான்.

வேனிலிருந்து தட்டுகள் மறுபடி இறங்கின. ஆனால் உடையப்பன் அசையவில்லை.

"வீடியோவுல மூஞ்சி காட்டணும்ங்கிறதுதான் பேச்சு" என்றார்.

"அப்பா, நான்தான் நேர்ல நிக்கிறேனே."

"நேர்ல காட்டுறதா நான் பேசலை. பேச்சு பேச்சுதான்."

வேறு வழியில்லை. போன் எடுக்கிற இந்திய இடம் தொட்டி உச்சி மட்டுமே என்பதால், உடையப்பன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். கார்மேகம் கூடத்துப் பள்ளத்துக்குள் நின்று அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டான். தொட்டி மேல் அவன் முகம் தெரிந்தது.

"தம்பி! நல்லா இருக்கியாய்யா? மெலிஞ்சுட்டியே!"

"நல்லா இருக்கேம்ப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"எனக்கென்னய்யா. உன்னைப் பாத்து ரெண்டு வருசமாச்சு. எப்பய்யா ஊருக்கு வருவ?"

"அடுத்த வருசம் லீவு கிடைச்சா கட்டாயம் வர்றேம்ப்பா" என்றான் கார்மேகம்.

உடையப்பன் தொட்டி உச்சியில் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு அனுப்பின தகப்பன் படும் பாடு கீழே நின்றவர்களுக்கெல்லாம் புரிந்தது. செங்காட்டூர்ப் பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள். தவசிலிங்கம் ஒருவர்தான், நல்லவேளை நம் பிள்ளையை அனுப்பவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

நேரச் சிக்கலைச் சீனிராசு தீர்த்துவைத்தார். "கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி, இந்தப் பக்கம் ஒரு மணி. கோட்டு மேல எந்த மணியும் கிடையாது. மணியே இல்லாத இடத்துல கெட்ட நேரம் எப்படி வரும்?" சுண்ணாம்புக் கோட்டுக்கு நேர் மேலே, தரையில் படாமல் தட்டு மாற்றிக்கொண்டார்கள். கோட்டைச்சாமி இந்தியாவிலிருந்து குலவையிட்டார்.

அந்த லீவிலேயே கல்யாணமும் முடிந்தது. தாலி கட்டியது ஜப்பானில், பந்தி நடந்தது இந்தியாவில். சாப்பிடப் போன மாப்பிள்ளைக்கு உள்ளே திரும்பும்போது சீனிராசு இன்னொரு குங்கும முத்திரை வைத்தார். திரும்பிப் போக எடுத்திருந்த விமான டிக்கெட்டைக் கார்மேகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஜப்பானில் இருந்துகொண்டு ஜப்பானுக்கு எதற்கு டிக்கெட் என்று பவளம் கேட்டது அவனுக்கு நியாயமாகப் பட்டது.

லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. கார்மேகம் கோழி கூவும்போதே எழுந்து குளித்துக் கம்பெனி உடுப்பைப் போட்டுக்கொண்டான். பூட்ஸை மாட்டினான். பவளம் தயிர்சாதத்தைக் கட்டிக் கையில் கொடுத்தாள். அவன் வாசலில், கோட்டுக்கு உள்பக்கம் நின்று தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தான். வெயில் ஏறியும் பஸ் வரவில்லை.

அவனுடைய மேனேஜர் வீடியோவில் கூப்பிட்டார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டாராம். ஜப்பானில்தான், வீட்டு வாசலில்தான், உடுப்புப் போட்டுத் தயாராக நிற்கிறேன், உங்கள் பஸ்தான் இன்னும் வரவில்லை என்று கார்மேகம் பணிவாகச் சொன்னான். அந்த மனிதர் பதறிப்போய் இடுப்பை வளைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். பஸ் தாமதமானது பெரிய அவமானம், உடனே விசாரிக்கிறேன் என்றார். என்ன இருந்தாலும் பெரிய இடத்து மனிதர்கள் பெரிய இடத்து மனிதர்கள்தான் என்று தவசிலிங்கம் நெகிழ்ந்துபோனார்.

"பஸ்ஸு பெரிசா மாப்ள?"

"பெரிசுதான் மாமா. அம்பது பேரு ஏறலாம்."

அவ்வளவு பெரிய வண்டி வந்தால் திரும்ப இடம் வேண்டுமே. தவசிலிங்கம் கடப்பாரையை எடுத்து ஆட்டுக்கொட்டகையை இடிக்க ஆரம்பித்தார். ஒச்சப்பன் மண்ணை அள்ளினார். கோட்டைச்சாமி தொட்டி மேல் ஏறி, நெற்றியில் கையை வைத்து நாலாபக்கமும் பார்த்தார்.

"மச்சாஆஆன்! ஒரு பஸ்ஸு வருது!"

கார்மேகம் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினான். பவளம் ஓடிவந்து அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். தவசிலிங்கம் கடப்பாரையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன பஸ்ஸு கோட்டை?"

"மதுரைன்னு எழுதியிருக்கு மச்சான்!"

தவசிலிங்கம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

"அது போகட்டும் விடுங்க மாப்ள. வெளிநாட்டு வண்டி."